சம்மதம் சொல்ல வேண்டிய திகதி

ஜூன் 3, புதன்

பல்கலைக்கழகத்தின் கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. மூன்று பக்கம். பள்ளிக்கூட நூலகத்தில் அச்செடுத்து, மதிய இடைவேளையில் சாமான் அறைக்குள் போய் நின்று வாசித்தேன். கணித ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் தருகிறார்களாம். என் நாற்பத்தேழாவது வயதில். பதினாறு வருடமாக லண்டன் பள்ளிக்கூடத்தில் உதவியாளராக, மற்றவர்களின் வகுப்பில் பென்சில் சீவிக் கொடுத்தவளுக்கு.

ஆனால் முழு இடம் இல்லை, நிபந்தனையுடன் கூடிய இடம். "தருகிறோம்" என்று எழுதிய கையோடு "இவையெல்லாம் சரிவந்தால்" என்றும் எழுதியிருக்கிறார்கள். நிபந்தனைகள் நான்கு. ஊரில் பதினோராம் வகுப்பில் எழுதிய சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் காட்ட வேண்டும், நிழற்பிரதி செல்லாது. குற்றப் பின்னணிச் சோதனை எடுக்க வேண்டும், அதற்குக் கடவுச்சீட்டு காலாவதியாகாமல் இருக்க வேண்டும். உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும். மேல் வகுப்புகளில் பத்து நாள் இருந்து பாடம் பார்த்ததாகத் தலைமையாசிரியர் கடிதம் தர வேண்டும். எல்லாம் ஜூலை 31க்கு முன்னால்.

நான் ஒழுங்குக்காரி. நான்கையும் வெள்ளைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் கட்டணம், முறைப்பாடு, பதில் அனுப்பும் முறை என்று பொடி எழுத்தில் வழக்கமான பேச்சு. அதைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இடம் கிடைச்சிட்டுதோ, இல்லையோ?"

"கிடைச்ச மாதிரி."

"அதென்ன மாதிரி?"

கலியாணப் பேச்சு மாதிரி என்று விளங்கப்படுத்தினேன். அவர்களுக்கு எங்களைப் பிடித்திருக்கிறது. சாதகம் பார்த்து, குலம் கோத்திரம் விசாரித்து, எல்லாம் பொருந்தினால் கடைசியில் நாங்கள் சம்மதம் சொல்வோம். அவருக்கு உடனே விளங்கியது. எனக்கும் அப்படிச் சொன்ன பிறகுதான் நன்றாக விளங்கியது.

ஜூன் 7, ஞாயிறு

அக்காவோடு வாராந்தத் தொலைபேசிப் பேச்சு. கடிதத்தின் மூன்று பக்கத்தையும் படம் எடுத்துப் புதன்கிழமையே அனுப்பியிருந்தேன். அக்கா முப்பத்திரண்டு வருடம் யாழ்ப்பாணத்துக் கரவெட்டித் தபாலகத்தில் வேலை செய்தவள். எந்தக் கடிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பாள். கேட்டால், முன்பக்கத்தில் மரியாதையும் பின்பக்கத்தில் விஷயமும் இருக்கும் என்பாள். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

என் சாதாரண தரச் சான்றிதழ் தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வில் போனது. கிளாலி போகிற வழியில் எந்தச் சேற்றுக்குள் கிடக்கிறதோ தெரியாது. கொழும்பில் பரீட்சைத் திணைக்களத்தில் புதிதாக எடுக்கலாம், ஆனால் பழைய ஆண்டு என்பதால் யாராவது என் அதிகாரக் கடிதத்தோடு நேரில் போக வேண்டும்.

"உனக்கேன் அந்தக் கவலை? தவனேசன் கொழும்புக்குப் போய் வாறவன்தானே. அவனைக் கொண்டு எடுப்பிப்பன்," என்றாள். தவனேசன் எங்கள் பெரியப்பாவின் மகன்.

"ஆஸ்பத்திரியிலை உங்கடை நெஞ்சுப் படம் எடுக்கிறது எப்ப?"

"பதினொண்டாம் திகதி. நாலு மாசம் பாத்திருந்து கிடைச்ச திகதி."

"மறக்காமல் போங்கோ."

"நான் மறக்கிறதோ? நீ உன்ரை அலுவலைப் பார் பிள்ளை."

பேசும்போது மூச்சு வாங்கினாள். முற்றம் கூட்டிவிட்டு வந்தாளாம்.

ஜூன் 11, வியாழன்

இன்று அக்காவுக்குப் பெரியாஸ்பத்திரியில் இருதயப் படம் எடுக்கும் நாள். போயிருப்பாள்.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அங்கே ஒன்பதரை. "போனனான். ஒண்டுமில்லையாம். குளிசை தந்து விட்டவை," என்றாள். பின்னால் ஒருவன் "வவுனியா, வவுனியா" என்று கத்தினான். என்ன சத்தம் என்று கேட்டேன். டீவி ஓடுது என்றாள். அக்கா எட்டு மணிக்கே டீவியை நிற்பாட்டிவிடுகிறவள். நாடகம் ஏதும் பார்க்கத் தொடங்கிவிட்டாளாக்கும், நல்லதுதான், தனியே இருக்கிற மனுசி.

ஒண்டுமில்லையாம் என்று கேட்டதே நிம்மதி. பயற்றங்காய்க் கறியும் புட்டும் செய்தேன்.

ஜூன் 12, வெள்ளி

கடவுச்சீட்டு மார்ச்சில் காலாவதி. புதுப்பிக்க இன்று தபாலில் அனுப்பினேன். மூன்று கிழமை ஆகுமாம். இரண்டாவது நிபந்தனைக்கு முன்னால் ஒரு சின்னப் புள்ளி போட்டேன். உடல்நலப் படிவத்தில் தலையிடி வருவதுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கிற ஆளுக்குத் தலையிடி வராதா?

ஜூன் 14, ஞாயிறு

சான்றிதழ் கையில் கிடைத்துவிட்டதாம்! தவனேசன் கெட்டிக்காரன் என்றேன். அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நாளை மறுநாள் பதிவுத் தபாலில் போடுவாளாம். "நானே ஒட்டி, நானே கட்டி அனுப்புறன். மற்றவையை நம்பேலாது." முப்பத்திரண்டு வருடத் தபால்காரியின் கர்வம்.

பிறகு கேட்டாள். "நீ அவைக்குப் பதில் போட்டிட்டியோ?"

"எல்லாம் சரிவரட்டும். வந்தாப் பிறகு போடுவம்."

"உதில்லை யோகா. அந்தக் கடைசிப் பக்கத்திலை..." என்று தொடங்கினாள். இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குடித்துவிட்டு வந்தும் மூச்சு சீராகவில்லை. "சரி, நான் கடிதத்திலை விபரமா எழுதி வைக்கிறன். நீ அதை வாசி," என்று வைத்துவிட்டாள்.

கடிதம் எழுதாமல் எதையும் சொல்லத் தெரியாது இவளுக்கு. எனக்கு எண்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதியிருக்கிறாள், நான் பதில் போட்டது பாதிக்குத்தான்.

ஜூன் 17, புதன்

ஒன்பதாம் வகுப்பில் கணிதம் பார்த்தேன். மூன்றாம் நாள். இன்னும் ஏழு.

ஜூன் 20, சனி

அக்கா போய்விட்டாள்.

ஜூன் 21, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. காலை தவனேசன் எடுத்தான். கிணற்றடியில் விழுந்து கிடந்தாளாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை கண்டு கத்தியிருக்கிறது. கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நெஞ்சு என்றான். ஒன்றுமில்லை என்று பத்து நாளைக்கு முன்தானே சொன்னார்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவனுக்கு அது பற்றித் தெரியவில்லை.

என்னால் போக முடியவில்லை. கடவுச்சீட்டு எங்கோ ஒரு அலுவலகத்தில் கிடக்கிறது. இவர் நேற்று முழுக்கத் தொலைபேசியில் நின்றார். சனிக்கிழமை, எடுக்க ஆளில்லை. இன்று காலை செத்தவீட்டைச் சின்னத் திரையில் பார்த்தேன். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. பறைச் சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது. தவனேசன் கொள்ளி வைத்தான். வாய்க்கரிசி போட அக்காவுக்கென்று பிள்ளை குட்டி இல்லை. நான் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் இருந்தேன். பிறகு அதைத் திரும்பவும் அரிசிப் பேணிக்குள் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேசுகிற நாள்.

ஜூன் 23, செவ்வாய்

சறோ மச்சாள் சாப்பாடு கொண்டு வந்தா. இவருடைய தமக்கை. நல்ல மனுசி, ஆனால் எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லுவா.

"யோகா, நீர் கலியாணம் கட்டி வந்தவ. பிறந்த வீட்டுத் துடக்கு உமக்கு மூண்டு நாள்தான். இண்டைக்குப் பின்னேரம் முழுகிப் போட்டு விளக்கேத்தும்."

"நான் முப்பத்தொண்டும் காக்கப் போறன்."

"ஏன் தேவையில்லாமல்? சாத்திரத்திலை இல்லாததை..."

"அவவுக்கு நானில்லாட்டி ஆர் மச்சாள் காக்கிறது?"

மச்சாள் எழும்பினா. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனா.

கொள்ளி வைத்தவனுக்கு ஊரில் சாவுத் தீட்டு முப்பத்தொரு நாள். உடன்பிறந்தவளுக்கு மூன்று நாள். இந்தக் கணக்கை யார் போட்டது? நான் பள்ளிக்கூடம் போகப் பணம் கட்டியது அக்கா. பல்கலைக்கழகத்தில் இருந்தபோது மாதம் முதலாம் திகதி காசுக்கட்டளை அனுப்பியது அக்கா. அவளுக்கு வந்த நாலு சம்பந்தமும் குழம்பியபோது அழாமல் அடுத்த நாள் வேலைக்குப் போனதும் அவள்தான். ஜூலை இருபதாம் திகதிதான் முப்பத்தொன்று. அதுவரை நல்ல காரியம் எதிலும் கை வைக்கப் போவதில்லை. ஜூலை 31 வரை நிபந்தனைக்கு நேரம் இருக்கிறது. பதினொரு நாள் மிச்சம், அது போதும். கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தாளைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்தேன்.

ஜூன் 26, வெள்ளி

பதிவுத் தபால் வந்தது. அக்காவின் பொதி.

வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பழுப்பு உறை, மூலைகளில் நூல் கட்டி முடிச்சில் அரக்கு வைத்திருக்கிறாள். இந்தக் காலத்தில் யார் அரக்கு வைக்கிறார்கள்? என் முகவரியை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறாள். லண்டன் தபால்காரனுக்குத் தமிழ் தெரியுமென்று நினைத்தாளோ என்னவோ. எழுத்து கொஞ்சம் கீழே சரிந்து போயிருக்கிறது.

"உடைச்சுப் பாருமன்," என்றார் இவர்.

"முப்பத்தொண்டு கழியட்டும். நல்ல காரியத்துக்கு வந்தது."

அவருக்குச் சொன்ன காரணம் அது. உண்மை வேறு. இதை உடைத்துவிட்டால் அக்காவிடமிருந்து எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்து முடிந்துவிடும். உடைக்காத வரைக்கும் இன்னும் ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது. அக்காவின் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன்.

ஜூன் 30, செவ்வாய்

மழை. குசினி யன்னல் துடைத்தேன். இவர் கத்தரிக்காய் வாங்கி வந்தார், பாதி சொத்தை.

ஜூலை 3, வெள்ளி

கடவுச்சீட்டு வந்துவிட்டது. புதுப் படத்தில் நான் அக்காவைப் போல இருக்கிறேன்.

ஜூலை 9, வியாழன்

வேலைக்குப் போய்வருகிறேன். மின்னஞ்சல் எதையும் திறக்கவில்லை. அனுதாபம் சொல்லி எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதத் தெம்பில்லை. மீன் இல்லாமல் சமைத்துச் சமைத்து இவருக்கு நாக்குச் செத்துவிட்டது, ஆனால் ஒரு சொல் சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாத குறையையும் இப்படித்தான் இருபது வருடம் சொல்லாமல் வைத்திருக்கிறார்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம், மிஸ், அடுத்த வருடம் நீங்கள் உண்மையான ரீச்சரா என்று கேட்டான். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரியும் என்றான்.

ஜூலை 20, திங்கள்

முப்பத்தொன்று. கீரிமலையில் தவனேசன் அந்தியேட்டிக் கிரியை செய்தான். இங்கே நான் முழுகி, வீடு கழுவி, அக்காவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், பருப்பு, வடை, மோதகம். சறோ மச்சாள் விடியவே வந்து தேங்காய் துருவித் தந்தா. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு பொதியை எடுத்தேன். நூலை வெட்டாமல் முடிச்சை அவிழ்த்தேன். அரை மணித்தியாலம் பிடித்தது.

சான்றிதழ் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. அதற்கு மேல் கடிதம், ஒற்றைத் தாள். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள யோகா, போனில் சொல்ல வெளிக்கிட்டு மூச்சு இடம் தரவில்லை. நீ அனுப்பிய கடிதத்தை நான் நாலு தரம் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் கடைசிப் பந்தியைப் பார். நிபந்தனைகளுக்கு ஜூலை 31. ஆனால் இந்த இடம் எனக்கு வேண்டும் என்று சொல்வதற்கு ஜூன் 30தான் கடைசி. சொல்லாவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்களாம். இரண்டும் வேறு வேறு திகதி. நிபந்தனை முடியும் மட்டும் காத்திருக்காதே. முதலில் ஓம் என்று சொல். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். எனக்கு வந்த சம்பந்தங்களும் அப்படித்தானே போயின. எல்லாம் சரிவரட்டும், பிறகு சம்மதம் சொல்வோம் என்று இரண்டு பகுதியும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. உனக்கு அப்படி ஆகக்கூடாது. இது கிடைத்தவுடன் பதில் போட்டுவிட்டு எனக்கு அறிவி. அன்புடன் அக்கா."

தாளை வைத்துவிட்டு நான் போய் எச்சில் இலைகளை மடித்தேன்.

ஜூலை 21, செவ்வாய்

மின்னஞ்சலைத் திறந்தேன். ஜூன் 23, நினைவூட்டல். ஜூன் 29, நினைவூட்டல். ஜூலை 1: "உங்களிடமிருந்து பதில் கிடைக்காததால் நீங்கள் இந்த இடத்தை மறுத்ததாகக் கொள்கிறோம்."

நான் மறுத்தேனாம்.

பல்கலைக்கழகத்துக்கு எடுத்தேன். ஒரு பெண் எடுத்தாள், இளம் குரல், மிகவும் அன்பாகப் பேசினாள். அக்கா இறந்ததைச் சொன்னேன். மிகவும் வருந்துகிறேன் என்றாள். வருந்தியிருப்பாள், குரலில் தெரிந்தது. ஆனால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள், இந்த வருடம் வேறு இடம் இல்லை. அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் நிபந்தனைகளுக்குக் கூடக் கால நீடிப்புத் தந்திருப்போமே என்றாள். ஒக்ரோபரில் மறுபடி விண்ணப்பிக்கலாமாம்.

இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொதியை அண்டைக்கே உடைச்சிருந்தால்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

நாலு நாள் இருந்திருக்கும். படத்துக்கு முன்னால் சாத்தி வைத்து, காலையும் மாலையும் பூ வைத்துக் கும்பிட்டேன். அவள் உள்ளே இருந்து பதில் போடு, பதில் போடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினாறு வருடமாக ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற எனக்கு விளங்காத கடிதம் கரவெட்டியில் இருந்தவளுக்கு விளங்கியிருக்கிறது. இதைவிட வெட்கம் இல்லை.

ஜூலை 22, புதன்

பையன் இன்றும் கேட்டான். இல்லையப்பா, இந்த வருடம் இல்லை என்றேன். பெயில் விட்டீர்களா மிஸ் என்றான். ஓம் என்றேன்.

ஒகஸ்ட் 15, சனி

எழுத ஒன்றுமில்லை.

செப்ரெம்பர் 7, திங்கள்

பள்ளிக்கூடம் தொடங்கியது. கணிதப் பகுதிக்குப் புதிதாக ஒரு பயிற்சி ஆசிரியை வந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. பென்சில்களைச் சீவிக் கொடுத்தேன்.

ஒக்ரோபர் 13, செவ்வாய்

விண்ணப்பம் திறந்துவிட்டது. நேற்றுச் சறோ மச்சாள் எடுத்து, "விசயதசமிக்குப் போடும் யோகா, படிப்புக்கு நல்ல நாள். அதுவும் செவ்வாய்க்கிழமை போட்டிடாதையும்," என்றா. ஓம் மச்சாள் என்றேன்.

வேலையால் வந்து, தேத்தண்ணி போட்டுக்கொண்டு, இன்றைக்கே கணினிக்கு முன்னால் இருந்தேன். காலண்டரைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசித்தேன்.

சான்றிதழ் விபரம் கேட்கிற இடம் வந்தது. பரீட்சை எண், ஆண்டு, பெறுபேறு, சான்றிதழ் வழங்கப்பட்ட திகதி. முப்பத்தொன்றில் அக்காவின் கடிதத்தைத்தான் வாசித்தேன், சான்றிதழைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பிளாஸ்ரிக் உறையிலிருந்து இழுத்தபோது பின்னால் ஒட்டியிருந்த ஒரு சிறிய துண்டும் வந்தது. திணைக்களத்துப் பற்றுச்சீட்டு. பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில் தவனேசனின் பெயர் இல்லை. த. தவமலர் என்று அக்காவின் தபாலகத்துக் கையெழுத்து, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. திகதி முத்திரை 11 ஜூன்.

இந்தக் கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டினேன். ஜூன் 11, வியாழன். "இன்று அக்காவுக்குப் பெரியாஸ்பத்திரியில் இருதயப் படம் எடுக்கும் நாள். போயிருப்பாள்." என் எழுத்துத்தான். அதற்குக் கீழே, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற பாதையில் வவுனியா, வவுனியா என்று கத்திய பஸ்காரனையும் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

நாலு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. ஒரே நாளில் கொழும்பு வரிசையிலும் யாழ்ப்பாண வரிசையிலும் ஒருத்தி நிற்க முடியாது. தவனேசனுக்கு அன்று வசதிப்படவில்லையோ, அவள் அவனைக் கேட்கவே இல்லையோ தெரியாது. அந்த நெஞ்சோடு எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போய், நின்று வாங்கிக்கொண்டு, இரவோடு இரவாகத் திரும்பியிருக்கிறாள். இன்னொரு நாள் போயிருக்கலாமே அக்கா. ஜூலை 31 வரை நேரம் இருந்ததே. ஆனால் அவள் ஜூன் 30 என்ற திகதியைப் பார்த்துவிட்டாள். சான்றிதழ் கைக்கு வராமல் நான் ஓம் சொல்ல மாட்டேன் என்றும் அவளுக்குத் தெரியும். எனக்காக அவசரப்பட்டது அவள் ஒருத்திதான்.

இவர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, ஏன் அழுறீர்?"

"திகதி பாக்கிறன்," என்றேன்.

வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இடம் தரப்பட்டால் ஏற்றுக்கொள்வீர்களா என்று அல்ல, அது பிறகுதான் வரும். இதற்கு முன் தரப்பட்ட இடம் எதையாவது மறுத்ததுண்டா, ஆம் எனில் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். ஆம் என்று போட்டேன். காரணம் என்ற பெட்டிக்குள் நிறைய எழுதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, குடும்பத்தில் ஒரு மரணம் என்று மட்டும் எழுதினேன். வழங்கப்பட்ட திகதி என்ற பெட்டிக்குத் திரும்பிப் போய் 11 ஜூன் என்று நிரப்பினேன். அனுப்பினேன்.